மண் எதை விடுகிறது, எதைப் பிடித்து வைக்கிறது

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலங்கள். ஒன்று மணற்பாங்கு, மற்றது கனத்த களி. வெயில் ஒன்று, மழை ஒன்று, மேலே வளரும் புல்லும் ஒன்றுதான். மண்ணை எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் களியில்தான் கார்பன் கூடுதலாக இருக்கும். அப்படியென்றால் கார்பன் டை ஆக்சைடும் அங்கிருந்துதானே அதிகம் வெளியேற வேண்டும்? இரண்டிலும் கொஞ்சம் மண் எடுத்து, ஒரே ஈரத்தில், ஒரே வெப்பத்தில் மூடி வைத்து அளந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிராம் கார்பனுக்கும் மணல்தான் அதிகம் விடும். களி தன்னிடம் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மண்ணோடு வேலை செய்ய ஆரம்பித்ததிலிருந்து என்னை விடாமல் பிடித்திருக்கும் விஷயம் இது. பருவநிலை பற்றிய பேச்சில் மண் வந்தால் எல்லோரும் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்கிறார்கள்: உள்ளே எவ்வளவு கார்பன் இருக்கிறது? எண் பெரியதுதான், மறுக்கவில்லை. உலகம் முழுக்க மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமக் கார்பன் இருக்கிறது. வளிமண்டலத்தில் இருப்பதோ சுமார் 87,000 கோடி டன். ஆனால் இருப்பு எவ்வளவு என்பதை மட்டும் வைத்து, அதில் எவ்வளவு வெளியே போகும் என்று சொல்லிவிட முடியாது. குதிரில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்பது ஒரு கேள்வி. எலி நுழைய ஓட்டை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மண்ணைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆண்டுதோறும் தரையிலிருந்து மேலே வரும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள கார்பன் 8,000 முதல் 10,000 கோடி டன் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றையும் எரித்து நாம் வெளியேற்றுவது சுமார் 1,000 கோடி டன். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, “அப்படியானால் மண்தான் பெரிய குற்றவாளியா?” என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லவே இல்லை. மண் விடுவது, செடிகளும் மரங்களும் காற்றிலிருந்து எடுத்த கார்பன். அது இறங்குகிறது, ஏறுகிறது. வரவும் செலவும் நெடுங்காலமாகக் கிட்டத்தட்டச் சமமாகவே போயிருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த எரிபொருளுக்கு அப்படி ஒரு வரவுப் பக்கம் கிடையாது. ஆனாலும் இவ்வளவு பெரிய கணக்கு சில சதவீதம் ஒரு பக்கம் சாய்ந்தால்கூட வளிமண்டலத்துக்கு அது பெரிய தொகை. அதனால்தான் மண் எந்த நிலையில் விடும், எந்த நிலையில் பிடித்து வைக்கும் என்று தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

யார் இந்த வாயுவை உண்டாக்குகிறார்கள்? இரண்டு தரப்பு. ஒன்று, உயிரோடு இருக்கும் வேர்களும், அவற்றை ஒட்டி வாழும் பூஞ்சைகளும். மற்றொன்று, இலைச்சருகையும் மட்கையும் தின்று வாழும் பாக்டீரியா, பூஞ்சை கூட்டம். பல நிலங்களில் பங்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. வடக்கு ஸ்வீடனின் பைன் காடு ஒன்றில் மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, இலையில் உண்டாகும் சர்க்கரை வேருக்குப் போகாமல் தடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குள் தரையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. 2001-இல் வெளியான இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. தரையில் நாம் அளப்பதில் பாதி, சில நாட்களுக்கு முன்பு இலையில் விழுந்த வெயிலின் கணக்கு. எனவே ஒரு நிலம் நிறைய விடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அது கார்பனை இழக்கிறது என்று சொல்லக் கூடாது. செழிப்பாக வளரும் புல்வெளி நிறையவே விடும். கவலைப்பட வேண்டியது மற்றப் பாதி, அதாவது பழைய மட்கு கரைகிறதா என்பது. அங்கேதான் மண்ணின் குணங்கள் பேச ஆரம்பிக்கின்றன.

முதலில் துளைகள். ஒரு கைப்பிடி நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் வெற்றிடம். அந்த இடத்தைக் காற்றும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நுண்ணுயிருக்கு இரண்டும் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் அது நகராது, அதன் நொதி உணவைப் போய்ச் சேராது, கரைந்த உணவும் அதனிடம் வராது. காற்று இல்லாவிட்டால் ஆக்சிஜன் கிடையாது. இங்கே ஒரு இயற்பியல் உண்மை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: வாயுக்கள் தண்ணீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. துளையின் வாயில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அடைத்துக்கொண்டாலே போதும், உள்ளே ஆக்சிஜன் போவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருவதும் ஏறக்குறைய நின்றுவிடும். துளைகளில் 60 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் நிறைந்திருக்கும்போது நுண்ணுயிரின் மூச்சு உச்சத்தில் இருக்கும் என்பது பல மண்களுக்குப் பொருந்தும் கணக்கு. அதற்குக் கீழே தாகம், மேலே திணறல்.

ஆனால் ஒரே அளவு மழை எல்லா மண்ணையும் அந்த 60-க்குக் கொண்டுபோகாது. மணலில் துளைகள் பெரியவை. பெய்தது இறங்கிப் போய்விடும், சில நாளில் காய்ந்துவிடும். களியில் துளைகள் எண்ணிக்கையில் மிக அதிகம், ஆனால் நுண்ணியவை, தண்ணீரை விடாது. ஒரு நல்ல மழைக்குப் பிறகு மணல் நிலம் சட்டென்று உச்சத்துக்குப் போய் இறங்கியிருக்கும், களி நிலமோ இன்னும் மூச்சுவிட முடியாமல் கிடக்கும். உள்ளே உண்டான வாயு அங்கேயே தங்கும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் காற்றில் அதுபோல் பத்து மடங்கு இருப்பது சாதாரணம், ஈரமான கனத்த மண்ணில் நூறு மடங்கும் போகும். பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ இதை 1850-களிலேயே அளந்து எழுதிவிட்டார். அப்புறம் களி காயும்போது வெடிக்கிறது. அந்த வெடிப்புகள் ஆழத்திலிருந்து நேராக மேலே வரும் பாதைகள். வெடிப்பின் மேல் கருவியை வைத்தால் ஒரு எண், ஒரு சாண் தள்ளி வைத்தால் வேறு எண். இரண்டும் சரியான அளவுகள்தான்.

மண் இறுகிப் போனாலும் இதே கதைதான். கனமான எந்திரங்கள் ஓடி ஓடி அழுத்திய மண்ணில் முதலில் காணாமல் போவது பெரிய துளைகள். மண் சோதனையில் பருமன் அடர்த்தி என்று ஒரு எண் கொடுப்பார்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.1 கிராம் என்றால் பொலபொலப்பான மண், 1.6 என்றால் பெரும்பாலான மண்ணில் வேர் இறங்கவே சிரமப்படும். இறுகிய மண்ணில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து வருவதைக் கண்டு மகிழ ஒன்றுமில்லை. வேர் குறைந்திருக்கிறது, ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு, மீத்தேன் போன்ற இன்னும் கடுமையான வாயுக்கள் உருவாக வழி திறக்கிறது.

சரி, களி ஏன் பிடித்து வைக்கிறது? துளை பாதிக் காரணம். மீதிப் பாதி, களித் துகளின் மேற்பரப்பு. மாண்ட்மொரில்லோனைட் வகைக் களியில் ஒரு கிராமின் மொத்த மேற்பரப்பு 700 சதுர மீட்டரைத் தாண்டும். கயோலினைட் வகையில் சில பத்து சதுர மீட்டருக்குள் முடிந்துவிடும். மணலில் ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது. இந்தப் பரப்பில் மின்னூட்டம் இருக்கிறது. மட்கின் மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய மூலக்கூறை நொதியால் எளிதில் வெட்ட முடியாது. ஆகவே களி என்று பொதுவாகச் சொல்வது போதாது, எந்தக் களி என்று கேட்க வேண்டும். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் இதே வேலையைச் செய்கின்றன. எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான மண்கள் அளவுக்கு மீறிக் கார்பனைச் சேர்த்து வைத்திருப்பதற்கு அவற்றில் இருக்கும் அலோஃபேன் போன்ற கனிமங்களே முக்கியக் காரணம்.

அடுத்தது, நான் சொல்லிச் சொல்லி அலுக்காத ஒன்று: மண் குருணைகள். நல்ல நிலத்து மண்ணை விரலால் உதிர்த்துப் பாருங்கள். தூளாகப் போகாது, சிறு சிறு உருண்டையாகப் பிரியும். களி, மட்கு, பூஞ்சை இழை, வேர் கசியும் பசை எல்லாம் சேர்ந்து கட்டிய உருண்டைகள் அவை. கால் மில்லிமீட்டருக்கும் சிறிய குருணைகள் சேர்ந்து பெரிய குருணையாகின்றன. சிறிய குருணையின் உள்ளே ஒரு சருகுத் துணுக்கு மாட்டிக்கொண்டால், அது எவ்வளவு சுவையான உணவாக இருந்தாலும் பாக்டீரியாவுக்கு எட்டாது. நுழையும் துளை பாக்டீரியாவைவிடச் சிறியதாக இருக்கலாம், அல்லது உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் இருக்கலாம். ஒரு காலத்தில், மட்கு நெடுநாள் நிலைப்பதற்கு அதன் வேதி அமைப்பு கடினமாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்தார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதைவிட இடத்தையே முக்கியமாகப் பார்க்கிறார்கள். எளிதில் மக்கக்கூடிய சர்க்கரைகூடச் சரியான இடத்தில் ஒளிந்துகொண்டால் பல பத்தாண்டு தாங்கும்.

இதைப் புரிந்துகொண்டால் உழவு என்ன செய்கிறது என்பதும் புரியும். கலப்பை மண்ணைப் புரட்டும்போது அடைபட்டிருந்த வாயு உடனே வெளியேறுகிறது; அது முதல் சில மணி நேரத்து எழுச்சி. அது பெரிய இழப்பு இல்லை, ஏற்கெனவே உண்டான வாயுதான். உண்மையான செலவு பின்னால் வருகிறது. குருணைகள் உடைகின்றன, ஒளிந்திருந்த உணவு வெளிப்படுகிறது, ஆக்சிஜன் தாராளமாக நுழைகிறது. ஒவ்வொரு பருவமும் இது நடந்தால் குருணை திரும்பக் கட்டப்பட நேரமே கிடைப்பதில்லை. உழவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உழாத நிலத்தில் மேல் அடுக்கில் கார்பன் கூடுவதும், கீழ் அடுக்கில் அதே அளவு கூடாமல் போவதும் உண்டு. மேலே மட்டும் அளந்துவிட்டுப் பெரிய லாபம் என்று எழுதுவது நியாயமில்லை. ஆனால் தேவையில்லாத ஒவ்வொரு உழவும் மண் கட்டிய வீட்டை இடிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

காய்ந்த மண்ணில் மழை விழும்போது நடப்பது தனிக் கதை. கென்யாவில் ஆய்வு செய்த எச். எஃப். பிர்ச் 1950-களில் இதை விரிவாக எழுதினார். மண்ணை நன்றாகக் காயவிட்டு நனைத்தால், எப்போதும் ஈரமாக இருந்த மண் விடுவதைவிடப் பல மடங்கு கார்பன் டை ஆக்சைடு திடீரென்று கிளம்புகிறது. பிர்ச் விளைவு என்றே இன்று இதற்குப் பெயர். காரணம் ஒன்றல்ல. வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் உடல் உணவாகிறது. பிழைத்தவை வறட்சியைத் தாங்க உடலில் சேர்த்த கரைபொருள்களை நனைந்ததும் கக்குகின்றன. தண்ணீர் வேகமாக நுழையும்போது குருணைக்குள் அடைபட்ட காற்று அதை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. காய்வதும் நனைவதும் மாறி மாறி வந்தால் ஒவ்வொரு முறையும் எழுச்சி சிறிதாகிக்கொண்டே போகும். வலுவான குருணைகள் உள்ள மண் இந்த அடியைத் தாங்கும். குருணை பலவீனமாக இருந்தால் தண்ணீரில் போட்டதும் கரைந்து சேறாகும். ஒரு காய்ந்த கட்டியைத் தண்ணீருள்ள பாத்திரத்தில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். மழை நீண்ட இடைவெளி விட்டுக் கொட்டித் தீர்க்கும் காலத்தில், மாத மொத்த மழையை மட்டும் வைத்து மண்ணின் வெளியேற்றத்தைக் கணக்கிடுவது தவறாகப் போகும் என்பது இதனால்தான்.

மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமிலம் அதிகமான மண்ணில் பாக்டீரியா தளர்ந்து பூஞ்சை கை ஓங்கும்; மக்குவது பொதுவாக மெதுவாகும். அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்புக்கல் தூள் போட்டால் நுண்ணுயிரும் சுறுசுறுப்பாகும், சுண்ணாம்பும் அமிலத்தோடு வினைபுரிந்து தன்னிடமுள்ள கார்பனை விடும். சுண்ணாம்புக்கல் எடையில் 12 சதவீதம் கார்பன். காரத்தன்மை மிகுந்த களர் மண்ணில் நேர்மாறு: கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி பைகார்பனேட்டாகக் கரைந்து உள்ளேயே நின்றுவிடும், அளப்பவர் கையில் குறைவாகவே சிக்கும். உவர் மண்ணில் உப்பு நுண்ணுயிரின் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் மூச்சு ஒடுங்கும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) முக்கியம். கார்பன் 25 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற விகிதத்தைத் தாண்டிய தாளையும் தண்டையும் மண்ணில் போட்டால், நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள தழைச்சத்தை இழுத்துத்தான் அதை மக்கவைக்கும்.

களியும் இல்லாமல் குருணையும் இல்லாமல், வெறும் தண்ணீரை மட்டும் நம்பிக் கார்பனைக் காக்கும் மண் ஒன்று உண்டு: பீட் மண். சதுப்பில் செத்த தாவரம் ஆக்சிஜன் இல்லாமல் மக்காமலே அடுக்கடுக்காகச் சேர்வதால் உண்டானது. நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான், மண்ணிலுள்ள கார்பனில் அதற்கு இருக்கும் பங்கோ மிகப் பெரியது. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் காவலே போய்விடுகிறது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில், நீர் வடிக்கப்பட்ட காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு இரும்புத் தூணைப் பீட்டுக்குள் இறக்கி அடியிலுள்ள களியில் நிறுத்தினார்கள். தூணின் தலை தரைமட்டத்தில் இருந்தது. இன்று அது தரைக்கு மேலே சுமார் 4 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தூண் உயரவில்லை, தரை இறங்கியது. அதில் ஒரு பகுதி வற்றிச் சுருங்கியதால் வந்தது. மீதி, பீட் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போனது. மண் வாயுவாக மாறுவதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பொதுவாக 10 டிகிரி ஏறினால் மண்ணின் மூச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1991-இல் ஆரம்பித்து, மண்ணைச் சுற்றுப்புறத்தைவிட 5 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி வைத்தார்கள். 26 ஆண்டு முடிவுகள் 2017-இல் வெளியாயின. வெளியேற்றம் சீராக ஏறவில்லை. முதலில் எகிறியது, பிறகு அடங்கியது, மறுபடி எகிறியது, மறுபடி அடங்கியது. எளிதில் கிடைக்கும் உணவு தீர்ந்ததும் நுண்ணுயிர்க் கூட்டம் தன்னை மாற்றிக்கொண்டு வேறு உணவைத் தேடியிருக்கிறது. வெப்பம் நுண்ணுயிரின் பசியைத்தான் கூட்டுகிறது. அந்தப் பசிக்கு எது எட்டும் என்பதை மண்ணின் அமைப்பே முடிவு செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்தக் கணிப்பையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

அளப்பதிலும் கவனம் தேவை. மண்ணில் ஒரு வளையத்தைப் பதித்து, மேலே மூடியை வைத்து, உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறும் வேகத்தை அகச்சிவப்புக் கருவியால் பார்ப்பதுதான் இன்றைய வழக்கம். வளையத்தைப் பதித்த உடனே அளந்தால் கிளறிய மண்ணின் எண்தான் வரும். ஆழமாகப் பதித்தால் வேர்கள் அறுந்து, வேரின் பங்கு குறைந்துவிடும். மூடியை அதிக நேரம் வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து, மண்ணிலிருந்து வருவதையே தடுக்கும். மதியம் எடுத்த ஒரே அளவை வைத்து ஆண்டுக் கணக்குப் போடுவது, குறிப்பாகக் களி நிலத்தில், நிலத்துக்கும் நியாயமில்லை, கணக்குக்கும் நியாயமில்லை. ஒரு நிலத்தின் வெளியேற்ற எண்ணை யாராவது காட்டினால் நான் முதலில் கேட்பது: அன்று ஈரம் எவ்வளவு, மண் நயம் (மணல், களி எந்த அளவில்) என்ன, பருமன் அடர்த்தி என்ன, எத்தனை நாளுக்கு முன்பு மழை? இவை இல்லாத எண்ணை அடுத்த நிலத்தோடு ஒப்பிட வழியே இல்லை.

ஆழமும் அதே அளவு முக்கியம். மேல் ஒரு மீட்டரில் உள்ள கார்பனில் ஏறக்குறைய பாதி, முதல் ஒரு சாணுக்குக் கீழே கிடக்கிறது. அதில் பல ஆயிரம் ஆண்டு பழையதும் உண்டு. அங்கே அது பத்திரமாக இருக்கிறது என்று நெடுங்காலம் கருதினார்கள். ஆனால் பிரான்சில் 60 முதல் 80 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை எடுத்து, அதில் தாவர நாரின் பொருளான செல்லுலோஸைப் புதிதாகக் கலந்தபோது, ஏறக்குறைய 2,600 ஆண்டு பழைய கார்பனை நுண்ணுயிர்கள் மக்கவைக்க ஆரம்பித்தன. ஆழத்தில் வேலை நடக்காததற்குப் புதிய உணவு வராததே காரணம் என்று 2007-இல் எழுதினார்கள். கலிஃபோர்னியாவின் காடு ஒன்றில் ஒரு மீட்டர் ஆழம் வரை மண்ணை 4 டிகிரி சூடாக்கியபோது, மொத்த வெளியேற்றம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. அந்த உயர்வில் 40 சதவீதத்துக்கு மேல் வந்தது 15 சென்டிமீட்டருக்குக் கீழிருந்து. ஆழமான வேருள்ள பயிர்களை நட்டுக் கார்பனைக் கீழே சேர்க்கலாம் என்று இன்று பலர் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் புதிய வேர் கீழே கொண்டுபோகும் சர்க்கரை, அங்கே உறங்கும் பழைய கார்பனை எழுப்பிவிடவும் கூடும். களியும் ஆக்சைடுகளும் மிகுந்த அடிமண்ணில் அந்த ஆபத்து குறைவு; பிடித்து வைக்க ஏதுமில்லாத மணலில் அதிகம். ஆகவே அப்படி ஒரு திட்டம் வரும் நிலத்தில், நடுவதற்கு முன்பே ஒரு மீட்டர் வரை குழி வெட்டி, அடுக்கடுக்காக மண் நயத்தையும் கார்பனையும் அளந்து வைத்துவிட வேண்டும். பல ஆண்டு கழித்து அதே ஆழத்தில் மறுபடி அளந்தால்தான் சேர்ந்ததா, போனதா என்று சொல்ல முடியும்.